விலக்கியதற்கு ஈடு வையுங்கள்: பிள்ளைத்தாய்ச்சியின் தட்டும் குழந்தையின் எடையும்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் ஒரு தாய்சேய் நலக் கிளினிக்கில் நான் தாதியாகப் பணியாற்றிய காலத்தில், 32 வாரக் கர்ப்பிணி ஒருத்தி தன் மாமியாரோடு வந்தாள். நான்கு வாரங்களாக அவளுடைய எடை சிறிதும் ஏறவில்லை. நாடாவை வைத்து அளந்தபோது, 32 சென்டிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டிய வயிற்றின் உயரம் 28-ஐத்தான் தொட்டது. நேற்றிரவு என்ன சாப்பிட்டாய் என்று அவளைக் கேட்டேன். பதில் மாமியாரிடமிருந்து வந்தது. "ராத்திரிக்கு ஒரு கரண்டி சோறும் ரசமும்தான் கொடுக்கிறேன் மிஸ்ஸி. வயிறு நிறையச் சாப்பிட்டால் பிள்ளைக்கு இடம் எங்கே இருக்கும்? பிள்ளை பெருத்துவிட்டால் இவள்தானே சிரமப்படுவாள்?" அந்த அம்மாவின் குரலில் இருந்தது மருமகளைப் பற்றிய பயம்தான். தோட்ட லயத்தில் மருத்துவச்சியின் கையில் பிள்ளை பெற்ற தலைமுறைக்குப் பெரிய குழந்தை என்பது தாயின் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய காரியம். அறுவை செய்து குழந்தையை எடுக்க வழியில்லாத நாளில் பிறந்த எச்சரிக்கையை, மருத்துவமனை பத்து நிமிடத் தொலைவில் இருக்கும் இந்நாளிலும் அவர் கைவிடாமல் காத்து வந்தார்.

வாயும் வயிறுமாக இருக்கும் பெண்ணுக்கு நம் வீடுகளில் வகுத்துள்ள உணவு வழக்கத்தில் கொடுப்பதும் உண்டு, தடுப்பதும் உண்டு. முருங்கைக்கீரை, உளுந்து, பால், நெத்திலி, வளைகாப்பின் கலவைச் சோறு என்று கொடுப்பவை எல்லாம் பெரும்பாலும் குழந்தையை வளர்ப்பவை. தடுப்பவற்றில் பல தீங்கற்றவை. ஆனால் தடுப்பது கூடிக்கொண்டே போய் அந்த இடம் வெறுமையாகவே விடப்படும்போது, குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: எந்த உணவை விலக்கினாலும் அதே சத்துள்ள வேறோர் உணவை அன்றைக்கே தட்டில் வைத்துவிட வேண்டும். பெரியவர்களோடு வாதாடி வெல்வதைவிட இது எளிது. வீட்டின் அமைதியும் கெடாது.

கடைசி மூன்று மாதங்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 28-ஆவது வாரத்தில் ஏறக்குறைய 1 கிலோ இருக்கும் சிசு, பிறக்கும்போது 3 கிலோவை எட்டுகிறது. அதாவது அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு கடைசிப் பன்னிரண்டு வாரங்களில்தான் சேர்கிறது. நம் வழக்கத்தில் சோற்றைக் குறைக்கச் சொல்லும் காலமும் சரியாக அதுவே. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் போர்க்கால முற்றுகையால் பஞ்சம் வந்தபோது, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மாரின் குழந்தைகள் ஏறத்தாழ 300 கிராம் குறைந்த எடையில் பிறந்தன. தொடக்க மாதங்களில் மட்டும் பசியில் வாடி, பிறகு நன்றாக உண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறப்பெடை அவ்வாறு குறையவில்லை. பிறப்பெடை 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் அதை எடை குறைந்த பிறப்பு என்கிறோம். அத்தகைய குழந்தைக்கு உடல் சூடு தங்காது, பால் உறிஞ்சும் வலு குறையும், நோய்த்தொற்றும் எளிதில் வரும்.

அளவு மட்டுமே போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 1990-களில் மகாராஷ்டிரத்தின் புனேயை ஒட்டிய கிராமங்களில் கர்ப்பிணிகளின் உணவைக் குறித்துவைத்து ஆராய்ந்தபோது, மொத்தக் கலோரியைக் காட்டிலும் கீரை, பழம், பால் ஆகியவற்றை எவ்வளவு அடிக்கடி உண்டார்கள் என்பதே குழந்தையின் அளவோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. நம் பாட்டிமார் கீரையைக் கடைந்து ஊட்டியது வீண் போகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எவ்வளவு கூட்டுவது, எப்படிக் கூட்டுவது

"இருவருக்காகச் சாப்பிடு" என்பதும் தவறு, "பிள்ளைக்கு இடம் விடு" என்பதும் தவறு. மலேசியாவின் ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 80 கலோரி கூடுதலாக இருந்தால் போதும். நடு மூன்று மாதங்களில் 280, கடைசி மூன்று மாதங்களில் 470 கலோரி கூட வேண்டும். சமையலறைக் கணக்கில் சொன்னால், ஒரு குவளை பாலும் ஓர் அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும் சேர்ந்தால் ஏறக்குறைய 300 கலோரி வந்துவிடும். ஏழாம் மாதத்திலிருந்து அதனுடன் கெட்டியான சாம்பாரோடு ஒரு தோசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயிற்றில் இடமில்லை என்று மாமியார் சொன்னதில் பாதி உண்மை உண்டு. கருப்பை மேலே ஏற ஏற இரைப்பை நெருக்கப்படுவதால், ஒரே வேளையில் முழுத் தட்டு இறங்காது, நெஞ்செரிச்சலும் வரும். அதற்குச் சாப்பாட்டைக் குறைப்பது வழியாகாது, பிரித்துக் கொடுப்பதே வழி. காலைப் பசியாறல், பத்து மணிக்குச் சுண்டல், மதியச் சாப்பாடு, நான்கு மணிக்குப் பழமும் வேர்க்கடலையும், எட்டு மணிக்குள் இரவுச் சாப்பாடு, படுக்கும்முன் பால் என்று ஆறு வேளையாக்குங்கள். அந்த மருமகளுக்கு நான் எழுதிக் கொடுத்ததும் இதுவே. இரவு ஒரு கரண்டிச் சோறு என்ற மாமியாரின் கட்டளையில் நான் கை வைக்கவில்லை. அந்த ஒரு கரண்டியோடு ஒரு கிண்ணம் பருப்பும் ஒரு துண்டு கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனும் வைக்கச் சொன்னேன், மற்ற ஐந்து வேளைகளை நிரப்பினேன். அடுத்த முறை தராசில் ஏறியபோது எடை கூடியிருந்தது. மருமகளுக்கு முன்பாக மாமியார்தான் எண்ணைப் படித்தார்.

பத்து மாதத்திலும் சேர்த்து எவ்வளவு எடை கூட வேண்டும் என்பது கர்ப்பத்திற்கு முன்பிருந்த உடல்வாகைப் பொறுத்தது. ஒல்லியாக இருந்தவர்களுக்கு 12.5 முதல் 18 கிலோ, நடுத்தர எடையினருக்கு 11.5 முதல் 16 கிலோ, எடை மிகுந்தவர்களுக்கு 7 முதல் 11.5 கிலோ, உடற்பருமன் உள்ளவர்களுக்கு 5 முதல் 9 கிலோ. கிளினிக்கில் தரும் பிங்க் புத்தகத்தில் ஒவ்வொரு வருகையின் எடையும் வயிற்றின் உயரமும் பதிவாகும். அதை அலமாரியில் பூட்டி வைக்காமல், வீட்டில் சமைப்பவர் கையிலும் ஒருமுறை கொடுத்துப் படித்துக் காட்டுங்கள்.

விலக்கும் பொருள்களுக்கு ஈடு

பினாங்கில் விலக்குப் பட்டியல் நீளமானது. வீட்டில் பப்பாளியும் எள்ளும் சூடு என்பார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் உடன் வேலை செய்யும் மலாய், சீனத் தோழியரும் அவரவர் பட்டியலைச் சேர்த்துவிடுவார்கள். அன்னாசியை மூவருமே விலக்குகிறார்கள். பப்பாளிக் காயில் வடியும் பாலில் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடிய பொருள் இருப்பது விலங்கு ஆய்வுகளில் தெரிய வந்திருப்பதால், காயையும் செங்காயையும் தவிர்ப்பது நியாயமே. நன்கு பழுத்த பப்பாளிக்கு அந்தக் குற்றம் இல்லை. அன்னாசியில் இரண்டு துண்டு உண்பதால் கரு கலையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. இருந்தாலும் மனம் ஒப்பாத உணவைத் திணிப்பதில் பயனில்லை. அவ்விரண்டும் தரும் வைட்டமின் சி கொய்யாவில் அதைவிட மிகுதி. நாளொன்றுக்கு ஒரு கொய்யா வைத்துவிட்டால் விலக்கியதற்கு ஈடாகிவிட்டது. எள்ளை விலக்குபவர்கள் அதன் சுண்ணாம்புச் சத்துக்கு ஈடாகத் தயிரையும் முள்ளோடு உண்ணும் நெத்திலியையும் வைக்கலாம். அசைவத்தையே விலக்கும் வீடுகளில் பாலும் தயிரும் தவறாமல் இருக்க வேண்டும். முட்டையும் சேர்ப்பதில்லை என்றால் பி12 சத்தைப் பற்றிக் கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள்.

மசக்கைப் புளிப்புக்குச் சௌராஸ்தா சந்தையின் ஊறவைத்த பழங்களை வாங்கித் தருவது இங்கே பாசத்தின் அடையாளம். இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் உப்பும் சீனியும் மிகுதி. பச்சை மாங்காயும் நெல்லிக்காயும் அதே ஆசையைத் தீர்க்கும். சாம்பல், மண், பச்சரிசி, ஐஸ் கட்டி ஆகியவற்றின்மேல் ஆசை வந்தால் மட்டும் அதை மசக்கை என்று விட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். வெட்கப்படாமல் தாதியிடம் சொல்ல வேண்டும்.

இரும்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தச்சோகை. கடுமையானால் குழந்தை எடை குறைந்தோ நாள் முந்தியோ பிறக்கும் ஆபத்து கூடுகிறது. பிறந்த பிறகு ஏறக்குறைய ஆறு மாதத்துக்குக் குழந்தைக்கு வேண்டிய இரும்பைத் தாய்தான் கடைசி மாதங்களில் சேமித்துக் கொடுத்தனுப்புகிறாள். நான் கண்ட வீடுகளில் மாத்திரை இல்லாமல் போனதில்லை. ஆனால் அது தே தாரேக் குவளையோடு இறங்கியது. தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாது. எனவே மாத்திரைக்கும் கீரைச் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீரும் காப்பியும் வேண்டாம். மாத்திரையை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு விழுங்குங்கள். முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள். கால்சியம் மாத்திரையையும் அதே வேளையில் போடாமல் வேறு வேளைக்குத் தள்ளிவிடுங்கள். மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், சிலருக்கு மலச்சிக்கலும் தரும். அதற்காக நிறுத்திவிடாமல், தண்ணீரும் வாழைத்தண்டும் சேர்த்துக்கொண்டு கிளினிக்கில் மாற்று கேட்கலாம். குங்குமப்பூப் பால் குழந்தையின் நிறத்தை மாற்றாது. ஆனால் அதில் உள்ள பால் நல்லது, ஆகவே ஓர் இழைக் குங்குமப்பூவுக்காக நான் யாரோடும் சண்டையிட்டதில்லை.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு விரதம் இருக்க விரும்பும் கர்ப்பிணிகள் சைவ விரதத்தை மேற்கொள்ளலாம், நாளுக்கு ஒரே ஒரு வேளை மட்டும் உண்ணும் விரதத்தை மேற்கொள்ள வேண்டாம். கர்ப்பத்தில் நீண்ட நேரம் வயிறு காய்ந்தால் உடல் விரைவாகக் கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. தலைசுற்றல் வரும், இரத்தச் சர்க்கரை இறங்கும்.

குழந்தை பெருத்துப் பிறப்பதும் வளர்ச்சிக் கோளாறே

பழைய தலைமுறை பயந்த பெரிய குழந்தை இன்று சோற்றின் மிகுதியைவிடச் சர்க்கரை நோயாலேயே அதிகம் வருகிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களிடையே நீரிழிவு 31.4 விழுக்காடு என்று தெரிய வந்தது. மற்ற இனத்தவரைவிட இது அதிகம். தாயின் இரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவுக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. அதனால் சிசு தானே இன்சுலினை மிகுதியாகச் சுரந்து கொழுப்பைச் சேர்க்கிறது. பிறந்து தொப்புள்கொடி அறுந்ததும் சர்க்கரை வரவு நின்றுபோய், சுரந்த இன்சுலினால் குழந்தையின் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்குகிறது. கொழுகொழுவென்று பிறந்த குழந்தை சிறப்புப் பராமரிப்பு அறையில் கிடப்பதைப் பார்த்துக் குழம்பி நின்ற பாட்டிமார் பலருக்கு இதை விளக்கியிருக்கிறேன்.

ஆகவே 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் சீனித்தண்ணீர்ச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்; குடும்பத்தில் நீரிழிவு இருந்தால் அதற்கு முன்பே செய்யச் சொல்வார்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கும்முன் வெறும் வயிற்றில் லிட்டருக்கு 5.1 மில்லிமோல், இரண்டு மணி நேரம் கழித்து 7.8 மில்லிமோல் ஆகியவை இரத்தச் சர்க்கரையின் எல்லைக்கோடுகள். இரண்டில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. அப்படி வந்தால் சோற்றை ஒரேயடியாக நிறுத்துவதும் தவறு. சுக்கு-சுக்கு செப்பாரோ (மலாயில் கால், கால், பாதி) என்று கிளினிக்கில் காட்டும் தட்டில், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ, பாதித் தட்டு காய்கறி. டின் பால் ஊற்றிய தேநீரையும் சீனி சேர்த்த தாய்மார் பால்மாவையும் விட்டுச் சாதாரணப் பாலுக்கு மாறுங்கள். வளைகாப்பில் ஐந்து வகைச் சோற்றையும் ஒவ்வொரு கரண்டி உண்டு, கேசரியை வாயில் வைத்து ஆசி பெற்றால் சடங்குக்கு எந்தக் குறையும் இல்லை.

ஒன்பதாம் மாதத்தில் வலி வருவதற்காக விளக்கெண்ணெயோ கஷாயமோ கொடுக்கும் பழக்கத்துக்கு மட்டும் நான் ஈடு சொல்ல மாட்டேன். கொடுக்கவே வேண்டாம்.

பிறந்த பின் பத்தியம்

பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக வேண்டும். காய்கறியையும் தண்ணீரையும் குறைக்கும் பத்தியம் தாயின் உடலை வற்றச் செய்கிறது. பூண்டு, மிளகு, மருந்துக்குழம்பு இருக்கட்டும், பக்கத்தில் பீர்க்கங்காயும் கீரையும் இருக்கட்டும், தாகம் எடுக்கும்போதெல்லாம் வெந்நீரும் இருக்கட்டும். சுறாப்புட்டு பால் சுரக்க வைக்கும் என்று நம்மவர் நம்புகிறார்கள்; ஆனால் சுறா மற்ற மீன்களை உண்டு வாழ்வதால் அதன் சதையில் பாதரசம் மிகுதியாகச் சேர்கிறது. அதே மசாலாவில் கெம்போங் மீனை அவித்து உதிர்த்துப் புட்டுச் செய்தால் பத்தியமும் கெடாது, குழந்தையின் மூளைக்கு வேண்டிய நல்ல கொழுப்பும் கிடைக்கும்.

குழந்தை முதல் சில நாட்களில் பிறப்பெடையில் பத்தில் ஒரு பங்கு வரை இழக்கலாம். இரண்டு வாரத்துக்குள் அதை மீட்டு, அதன் பிறகு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் ஏற வேண்டும். வீட்டுக்கு வரும் தாதி குழந்தையைத் தராசில் போடும்போது அருகில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினான்காம் நாளிலும் பிறப்பெடையை எட்டவில்லையென்றால், சர்க்கரைத் தண்ணீரோ தேனோ உரைமருந்தோ கொடுத்துப் பார்க்காமல், தாய் முந்தின நாள் சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.