'பெரன்தெட்டிக்கல்': வசனத்தின் நடுவே வரும் பேச்சுக்கு ஒரு பெயரடை

ஒரு விஷயம் சொல்லிக்கொண்டு போகும்போதே நடுவில் சிறு விளக்கம் ஒன்றைச் செருகிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம். அந்தச் செருகலைத்தான் ஆங்கிலத்தில் 'பெரன்தெட்டிக்கல் ரிமார்க்' (parenthetical remark) என்பார்கள். அழுத்தம் 'தெ'யில் விழவேண்டும். இதைப் போலவே 'ரிமார்க்' என்று முடிந்தாலும் 'ஸ்னைட் ரிமார்க்' (snide remark) வேறு. அது குத்தல் பேச்சு. பெரன்தெட்டிக்கலில் குத்தல் எதுவும் இல்லை.

வேர் கிரேக்கம்: 'பாரா' பக்கத்தில், 'என்' உள்ளே, 'திதெனாய்' வைத்தல். தீசிஸ், ஹைபொதெசிஸ் எல்லாம் இதே 'வைத்தல்' குடும்பம். வளைந்த அடைப்புக்குறிகளை மறுமலர்ச்சிக்கால அறிஞர் எராஸ்மஸ் லத்தீனில் 'குட்டிப் பிறைகள்' என்றார். எவ்வளவு அழகான பெயர்! நன்னூல் சொல்லும் இடைப்பிறவரலும் (தொடரின் நடுவே வேறு சொல் வந்து நிற்பது) இதற்குக் கிட்டத்தட்ட உறவுதான்.

கொழும்பில் நாம் அந்தக் குறிகளை 'பிரக்கெட்ஸ்' என்போம். அமெரிக்க வழக்கில் அவற்றுக்கே 'பெரன்தசீஸ்' என்று பெயர். அதனால் பிரக்கெட் போட்டால்தான் பெரன்தெட்டிக்கல் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இரண்டு கமாவோ இரண்டு டேஷோ போதும்.

சோதிக்கும் வழி: செருகலை விரலால் மறைத்துவிட்டு வாசியுங்கள். மிச்சம் முழு வசனமாக நிற்கவேண்டும், சொல்லவந்த பொருளும் மாறக்கூடாது.

'மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் வெள்ளவத்தை, வில் சைன்.' கமா இருந்தால் சகோதரர் ஒருவர்தான், வெள்ளவத்தை என்பது கூடுதல் தகவல். கமாக்களை எடுத்தால், பல சகோதரர்களில் வெள்ளவத்தையில் இருப்பவர் என்று ஆகிவிடும். காணி உறுதி பற்றிய கடிதத்தில் இது சின்ன விஷயமல்ல. தமிழில் இரண்டுக்குமே 'வெள்ளவத்தையில் இருக்கிற என் தம்பி' என்றுதான் சொல்கிறோம். நமக்குக் கமா தவறிப்போவது அதனால்தான். எழுதுமுன் 'வேறு தம்பி இருக்கிறாரா?' என்று கேட்டுப் பாருங்கள்.

அதிகம் நடக்கும் பிழை, முதல் கமாவைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறப்பது. கதவைத் திறந்தால் சாத்தவும் வேண்டும். அடுத்தது வினைச்சொல்: 'த மனேஜர் (அன்ட் ஹிஸ் கிளார்க்ஸ்) இஸ் ஹியர்' என்பதே சரி. பிரக்கெட்டுக்குள் எத்தனை பேர் இருந்தாலும் 'ஆர்' வராது.

முற்றுப்புள்ளியோ, செருகல் வசனத்தின் கடைசியில் வந்தால் பிரக்கெட்டுக்கு வெளியே; பிரக்கெட்டுக்குள் தனி வசனமே இருந்தால் உள்ளே.