குரல் நாண் அறுவைச் சிகிச்சை: என்ன பேசுவதென்று முன்பே முடிவு செய்யுங்கள்

தைராய்டு கட்டியை எடுத்தபோது நரம்பு பாதிக்கப்பட்டு, என் இடது குரல் நாண் அசையாமல் நின்றுவிட்டது. சிங்கப்பூரின் ஈசூனில் தமிழாசிரியை நான். முதல் வரிசைப் பிள்ளைக்குக்கூட வெறும் காற்றுதான் கேட்டது.

இந்த நிலையில் பேச்சைவிடக் குடிப்பதில்தான் முதலில் கவனம் வேண்டும். நாண்கள் சேர்ந்து மூடாவிட்டால் கோப்பி, ரசம், தண்ணீர் எல்லாம் புரையேறும். பேச்சுப் பயிற்சியாளரிடம் விழுங்கிக் காட்டுங்கள். என்னைச் சோதித்துவிட்டு, தாடையைத் தாழ்த்திச் சிறு மிடறாகக் குடிக்கச் சொன்னார்.

நரம்பு தானாகத் தேறக்கூடும் என்பதால் நிரந்தர அறுவைச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஓராண்டு வரை பொறுப்பார்கள். அதுவரை வாய்மூடி இருக்க வேண்டாம். நாணை உப்பச் செய்யும் ஹயலுரானிக் அமிலக் கூழை நாணுக்குள் ஊசியாகப் போடலாமா என்று கேளுங்கள். சில மாதங்களில் கரைந்துவிடும், ஆனால் அதுவரை கைகொடுக்கும். நான் தயங்கியே ஐந்து மாதத்தை வீணாக்கினேன்.

அப்புறம் அறுவைச் சிகிச்சை. ஜப்பானிய மருத்துவர் இஷ்ஷிகி 1974-இல் வெளியிட்ட முறை. குரல்வளைக் குருத்தெலும்பில் சிறு சன்னல் திறந்து, சிலிக்கோன் துண்டையோ கோர்-டெக்ஸ் என்னும் செயற்கைப் பொருளின் பட்டையையோ வைத்து, அசையாத நாணை நடுப்பக்கம் தள்ளுவார்கள். அசையும் நாண் வந்து அதைத் தொடும். பெரும்பாலும் கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். நீங்கள் பேசப் பேசத்தான் துண்டின் அளவு சரியா என்று தெரியும்.

அதனால்தான் பேசப்போகும் வரியை வீட்டிலேயே தயார் செய்யுங்கள் என்கிறேன். தமிழில் பேசலாமா என்று முன்பே கேட்டேன். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது, ஒலி போதும் என்றார். "பிள்ளைகளே, புத்தகத்தை எடுங்கள்" என்றேன். முதல் முறை குரல் நெரிந்தது. துண்டை மாற்றி வைத்ததும் என் குரல் எனக்கே கேட்டது. அழுகை முட்டியது. கழுத்து அசையக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன். மேடைக் குரலை எடுக்காதீர்கள், வீட்டில் பேசும் குரலிலேயே பேசுங்கள்.

மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்பும், மெடிஷீல்டு லைஃப் என்னும் மருத்துவக் காப்புறுதியும் போக எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு நாண்களும் அசையாதவர்களுக்கு இது பொருந்தாது. மூச்சுப் பாதையை அகலப்படுத்தும் சிகிச்சை அவர்களுக்கு உண்டு.

வீடு திரும்பியதும் வீக்கத்தால் குரல் மறுபடி கரகரக்கும். சில வாரங்களில் வடியும். கிசுகிசுத்துப் பேசி நாணை வருத்தாதீர்கள், பலகையில் எழுதிக் காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் உடனே ஆம்புலன்சுக்கு 995. உங்கள் குரல் எடுபடாது என்பதால், யார் அழைப்பது என்று வீட்டில் முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள்.