பீச் ஊலாங்கை பிரிட்ஜில் வைக்காதீர்கள், இன்னும் சில

எனக்குத் தெரிந்த வட்டத்தில் பழ வாசனை சேர்த்த ஊலாங் தேநீர் இப்போது பலரையும் பிடித்திருக்கிறது. பீச், லிச்சி, மாம்பழம் என்று வாங்குகிறார்கள். ஒரு மாதம் கழித்து, "பாக்கெட்ல இருந்த வாசம் டம்ளர்ல வரலையே" என்று போன் வருகிறது. என்ன செய்தார்கள் என்று கேட்டால், ஆரம்பத்தில் நான் அடித்த அதே கூத்துகள். பால் ஊற்றக் கூடாது, அடுப்பில் போட்டுக் காய்ச்சக் கூடாது என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாசம் வரவில்லை என்று ஊறவிட்டுக்கொண்டே இருப்பது

ஊலாங், பச்சைத் தேநீருக்கும் கறுப்புத் தேநீருக்கும் நடுவில் நிற்பது. இலையைக் கசக்கி, காற்று பட்டுக் கறுக்கவிட்டு, முழுக்கக் கறுக்கும் முன்பே சூடு காட்டி நிறுத்திவிடுவார்கள். சீனாவின் ஃபூஜியன், குவாங்டாங் பகுதிகளும் தைவானும் இதற்குப் பேர்போனவை. கடையில் கிடைக்கும் பீச் ஊலாங்கில் பெரும்பாலும் அந்த இலையின் மேல் பழ வாசனை எண்ணெயைத் தெளித்திருப்பார்கள். வாசம் மேற்பரப்பில்தான் இருக்கிறது, வெந்நீர் பட்டதுமே இறங்கிவிடும். பத்து நிமிடம் ஊறவிட்டால் கூடுதலாக இறங்குவது துவர்ப்பும் கசப்பும்தான்.

வாசம் போதவில்லையா, இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். 200 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் இலை, 90 டிகிரி சூடு, 3 நிமிடம். அங்கிருந்து உங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் தெர்மாமீட்டர் வேண்டாம். கொதித்த தண்ணீரை டபராவில் ஒரு ஆற்று ஆற்றி ஊற்றினால் கிட்டத்தட்ட அந்தச் சூட்டுக்கு வந்துவிடும்.

முதல் தண்ணீரைக் கொட்டுவது

சாதா ஊலாங்கை ஒரு தரம் அலசிவிட்டு ஊறவிடுவது சீன வழக்கம். வாசனை தெளித்ததை அலசினால் பழம் முழுக்க சிங்க்கில் போகும்.

பிரிட்ஜ்

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு எரிச்சல் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாநகரில் ஒரு நண்பர் தள்ளுபடி விலையில் கால் கிலோ பீச் ஊலாங் வாங்கினார். மதுரை வெயிலில் கெட்டுவிடுமே என்ற நல்ல எண்ணத்தில், பாக்கெட்டின் வாயை மடித்து ஒரு கிளிப் போட்டு, பிரிட்ஜ் கதவுத் தட்டில் வைத்துவிட்டார். அதே பிரிட்ஜில் இட்லி மாவு, முந்தின நாள் மீன் குழம்பு, ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைச் சரம். மூன்று வாரம் கழித்து, "அண்ணே, கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில கட்டிட்டான்" என்று என்னிடம் ஒரே புலம்பல். போட்டுக் குடித்துப் பார்த்தேன். முதல் வாய் மல்லிகை, அடுத்தது புளித்த மாவு. பீச் எங்கேயும் இல்லை. கடைக்காரர்மேல் ஒரு தப்பும் இல்லை.

காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். சீனாவின் ஃபூஜோவில் மல்லிகைத் தேநீர் செய்வதே இந்தக் குணத்தை வைத்துத்தான்: மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து வைப்பார்கள், இரவில் மொட்டு விரிய விரிய இலை வாசத்தைக் குடிக்கும், பிறகு பூவைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதுப் பூவோடு திரும்பவும் கலப்பார்கள். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் மல்லி அந்த வேலையை பிரிட்ஜுக்குள் கேட்காமலே செய்து கொடுத்துவிடும். மல்லியாவது பரவாயில்லை. மீன் குழம்பும் அதே வழியில்தான் உள்ளே போகிறது.

அடுத்தது ஈரம். சித்திரை வெயிலில் பிரிட்ஜிலிருந்து பாக்கெட்டை எடுத்து உடனே திறந்தால், வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த இலைமேல் படியும். தினமும் இரண்டு தரம் இப்படித் திறந்து மூடினால் இலையின் மொறுமொறுப்பு போய், வாசம் மங்கி, கடைசியில் பூஞ்சை வரைக்கும் போகலாம்.

இதைச் சொன்னதும் அந்த நண்பர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த பாக்கெட்டை பீரோவுக்கு மாற்றினார். உள்ளே அந்துருண்டை! இன்னொருவர் வீட்டில் சாமி அலமாரி, சாம்பிராணிக்குப் பக்கத்தில். சமையல்கட்டு மேல்தட்டில் வைத்தால் பெருங்காயமும் அடுப்புச் சூடும். சரி, எங்கேதான் வைப்பது? அலுமினியப் பூச்சு கொண்ட ஜிப் பாக்கெட், அதற்கு மேல் இறுக மூடும் டப்பா, வெயில் படாத ஒரு சுவர் அலமாரி. வாசனை இல்லாத தேயிலையை அதே டப்பாவில் போடாதீர்கள், இரண்டு வாரத்தில் அதுவும் பீச் ஆகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கால் கிலோ வாங்காதீர்கள். வாசனை எண்ணெய் எப்படி வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துகொண்டேதான் இருக்கும். 50 கிராம் வாங்குங்கள், இரண்டு மாதத்தில் முடியுங்கள். யாராவது பெரிய பாக்கெட்டாகப் பரிசு கொடுத்துவிட்டால், பிரிக்காமல் அப்படியே ஃப்ரீசரில் போடலாம். வெளியே எடுத்த பிறகு அரை நாளாவது அறைச் சூட்டுக்கு வரவிட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

கொடைக்கானலில் நன்றாக இருந்ததே என்பது

இருக்கும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் அங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்ததை அப்படியே ஊற்றினாலும் ஊலாங்குக்குப் பொருத்தமான சூடு. மதுரையில் அதே பழக்கத்தில் ஊற்றினால் ஏறக்குறைய 100 டிகிரி. லேசாகக் கறுக்கவிட்ட, பச்சை வாடை மாறாத ஊலாங் அதில் வெந்துவிடும்.

தண்ணீர்

போர் தண்ணீர் வேண்டாம். உப்புத் தண்ணீரில் மேலே ஏடு படியும், வாசம் அமுங்கும்.

மண் கெட்டில்

மெருகு பூசாத மண் பாத்திரம் வாசனையைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஒரு தரம் பீச் போட்டால் பிறகு எதைப் போட்டாலும் பீச்தான். மானாமதுரை மண் சாமான் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு, அதில் மோர் ஊற்றி வையுங்கள். இதற்குக் கண்ணாடியோ பீங்கானோ போதும்.

உருண்டை வடிகட்டி

உருட்டிய இலை ஊறினால் பல மடங்கு விரியும். அந்தச் சின்ன உருண்டைக்குள் இடம் கிடையாது.

எல்லாப் பழ வாசமும் சேர்த்தது என்று நினைப்பது

சில ஊலாங்குகளில் எதுவும் சேர்க்காமலே பழமும் தேனும் மணக்கும். குவாங்டாங்கின் மீ லான் ஷியாங் அப்படி. தைவானின் ஓரியண்டல் பியூட்டியில் ஒரு சின்னத் தத்துப்பூச்சி இலையைக் கடித்து உறிஞ்ச, செடி அதற்கு எதிராகச் சுரக்கும் பொருட்களால்தான் அந்தத் தேன் வாசமே வருகிறது. விலை கூடுதல். பாக்கெட்டின் பின்னால் சேர்மானம் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

கொதிக்கக் கொதிக்க விழுங்குவது

டீக்கடைப் பழக்கம். நாக்கு சுட்ட பிறகு எந்தப் பழமும் தெரியாது. அதோடு, பீச் வாசம் வந்ததும் நாக்கு இனிப்பை எதிர்பார்க்கும். இனிப்பு வராது, உடனே கை சர்க்கரை டப்பாவுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள். வெதுவெதுப்புக்கு வந்ததும் சர்ரென்று சத்தத்தோடு உறிஞ்சுங்கள், யார் முறைத்தாலும் சரி. காற்றோடு சேர்ந்து போகும்போது வாசம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும், பழம் தெரிவது அங்கேதான். வெற்றிலை போட்ட வாயோடும் கறிதோசை சாப்பிட்ட கையோடும் இதைச் செய்து பார்த்துவிட்டு எனக்குப் போன் போடாதீர்கள்.