பிராஸ்டேட் புற்றுநோய்: ஜீன் டெஸ்டில் சறுக்கும் இடங்கள்

"ஜீன் டெஸ்ட் எடுத்தாச்சு" என்று சொன்னால் போதாது. கட்டித் திசுவிலா, ரத்தத்திலா? கட்டியில் செய்யும் பரிசோதனை மருந்தைத் தீர்மானிக்க. ரத்தத்திலோ எச்சிலிலோ செய்யும் பரம்பரைப் பரிசோதனை பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சேர்த்து. கட்டியில் பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் மாற்றம் தெரிந்தால் அது பிறவியிலேயே வந்ததா, கட்டிக்குள் மட்டும் உண்டானதா என்று பரம்பரைப் பரிசோதனை இல்லாமல் சொல்ல முடியாது.

"எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லை" என்று தட்டிக்கழிப்பதும் உண்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் பரவிய 692 ஆண்களில் 11.8 சதவீதம் பேருக்கு டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் மரபணுக்களில் பிறவி மாற்றம் இருந்தது. குடும்பத்தில் பிராஸ்டேட் புற்றுநோய் இருந்தவர், இல்லாதவர் என்று அதில் வித்தியாசமே தெரியவில்லை. ஆகவே நோய் பரவியிருந்தால் குடும்ப வரலாறு பார்க்காமல் எடுக்க வேண்டியதுதான். வரலாறு கேட்கும்போதும் அம்மா வழியில் மார்பகம், சினைப்பை, கணையப் புற்றுநோய் இருந்ததா என்று கேளுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

மாதிரியில்தான் அதிகம் கெடுகிறது. பல வருடம் கிடந்த பாரஃபின் பிளாக்கில் (மெழுகில் பதித்து வைத்த திசு) டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். எலும்பு பயாப்ஸியை இளக்க லேபில் கடும் அமிலத்தில் போட்டால் டிஎன்ஏ பாழ். ஈடிடிஏ கரைசலில் இளக்கும்படி பயாப்ஸிக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும், பிறகு சொல்லிப் பயனில்லை. திசு கிடைக்காமல் ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏவைத் தேடுவதென்றால், பிஎஸ்ஏ (பிராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் ரத்த அளவு) ஏறிக்கொண்டிருக்கும்போது எடுங்கள். ஹார்மோன் ஊசியில் பிஎஸ்ஏ அடங்கியபின் எடுத்தால் தேடும் பொருளே ரத்தத்தில் இருக்காது, "மாற்றம் இல்லை" என்று ரிப்போர்ட் வரும். வயதானவர்களில் ரத்த அணுக்களிலேயே தோன்றும் ஏடிஎம், செக்2 மரபணு மாற்றங்கள் கட்டியினுடையவை போல வேஷம் போடுவதும் உண்டு. வெள்ளணுக்களைத் தனியாகச் சோதித்தால் குட்டு வெளிப்படும்.

எல்லா மாற்றத்துக்கும் ஒரே மருந்து என்பதும் பிழை. ஒலாபரிப் மாத்திரை (வழக்கமாக 300 மி.கி., தினம் இரு வேளை) பிஆர்சிஏ2 உள்ளவர்களிடம் நன்றாக வேலை செய்கிறது, ஏடிஎம்மில் பலன் குறைவு. ரத்தசோகை வரும், மாதாமாதம் ஹீமோகுளோபின் பாருங்கள். "பொருள் உறுதியாகாத மாற்றம்" (தீங்கானதா இல்லையா என்று இன்னும் தெரியாதது) என்று ரிப்போர்ட் வந்தால் அதை நம்பி மருந்தையும் மாற்றாதீர்கள், உறவினரையும் அழைத்துச் சோதிக்காதீர்கள்.

ஆண்களுக்கு வரும் நோய் என்பதால் மகளிடம் சொல்லாமல் விடுவதுதான் பெரிய தவறு. அப்பாவின் பிறவி மாற்றம் வர மகனுக்கும் மகளுக்கும் சம வாய்ப்பு, தலைக்கு 50 சதவீதம். பிஆர்சிஏ2 மாற்றம் உள்ள மகனுக்கு 40 வயதிலிருந்து பிஎஸ்ஏ, மகளுக்கு 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ. குறிப்பிட்ட மாற்றத்தின் பெயர் உள்ள ரிப்போர்ட் நகலைக் கொடுத்தனுப்பினால் அந்த ஒன்றை மட்டும் சோதித்தால் போதும்.

நம்மூரில் இன்னொன்று. அப்பாவுக்கும் அத்தைக்கும் ஒரே பிஆர்சிஏ2 மாற்றம் இருந்தால், அத்தை மகளை மணக்கப் போகும் மகனும் அந்தப் பெண்ணும் இருவருமே அதைச் சுமக்கக்கூடும். அப்படியானால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரு பக்கமும் மாற்றம் வந்து, ஃபான்கோனி அனீமியா என்ற கடும் நோய் வரலாம். தட்டு மாற்றுவதற்கு முன் இருவரும் மரபியல் ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது.