சாவி மீட்டரிலிருந்து மாத பில்லுக்கு மாறிய கதை

லண்டனில் நாங்கள் குடிபோன வாடகை வீட்டில் கரண்டுக்கு ப்ரீபேமென்ட் மீட்டர். கடையில் சாவிக்குப் பணம் ஏற்றி வந்து செருக வேண்டும். கரண்ட் கம்பெனியிடம் மாத பில்லுக்கு மாற்றித் தரச் சொன்னால், "மீட்டரில் கடன் பாக்கி இருக்கிறது, முடியாது" என்றார்கள். நான் எங்கே கடன் வைத்தேன்?

வீட்டுக்காரருக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் கணக்கு என் பேரில் இருப்பதால் அவரால் ஒன்றும் ஆகவில்லை. வேறு கம்பெனிக்கு மாறப் பார்த்தேன், அதே கடனைக் காட்டி அதுவும் நின்றுபோனது.

விஷயம் மீட்டரின் நீலப் பொத்தானில் இருந்தது. மீதிப் பணத்தைப் பார்த்ததும் எல்லோரும் நகர்ந்துவிடுவோம். தொடர்ந்து அமுக்கினால் வேறு திரைகள் வரும். ஒன்றில் மொத்தக் கடன், இன்னொன்றில் வாரா வாரம் கழியும் தொகை. வீடு பூட்டிக் கிடந்த வாரத்திலும் நிலைக் கட்டணத்தைவிட (கரண்டே செலவாகாவிட்டாலும் தினமும் கழியும் தொகை) அதிகம் போனது அதனால்தான். எல்லாம் முன்பு குடியிருந்தவரின் பாக்கி! அவர் விட்டுப்போன சாவியைத்தான் நானும் செருகிக்கொண்டிருந்தேன்.

அந்தத் திரைகளின் படம், வாடகை ஒப்பந்தத்தில் தேதி உள்ள பக்கம், குடிவந்த நாளின் ரீடிங் மூன்றையும் கம்பெனிக்கு மின்னஞ்சலில், 'புகார்' என்றே தலைப்பிட்டு அனுப்பினேன். புகாரை 8 வாரத்துக்குள் தீர்க்காவிட்டால் எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் (கரண்ட், கேஸ் கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பு) போகலாம் என்பதால் அந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை.

புதுச் சாவி வந்தது, செருகியதும் கடன் பூஜ்யம். அப்புறம் கிரெடிட் செக் (பணத்தை ஒழுங்காகக் கட்டுபவனா என்ற சோதனை) முடித்து ஸ்மார்ட் மீட்டர் மாட்டினார்கள். பழையதைக் கழற்றும் முன் மீதிப் பணத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பணம் முதல் பில்லில் வரவாகவில்லை. படத்தை அனுப்பிய பிறகே சேர்த்தார்கள்.