சிங்கப்பூர்ல என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடிச்ச தம்பிங்களுக்காக எப்படிக் குரல் குடுக்கிறது?

வெட்டரன், அதாவது முன்னாள் படைவீரர்னு சொன்னாலே நம்ம ஊர்ல மெடல் குத்திக்கிட்டு நிக்கிற தாத்தாதான் ஞாபகம் வருவாரு. ஆனா ஓஆர்டி ஆகி (முழுநேர சேவை முடிச்சு) ஆபீஸ் போய்ட்டு இருக்கிற பசங்கள்ல முட்டி போனவன், முதுகு போனவன், ரேஞ்சுல சுட்டுச் சுட்டு காதுக்குள்ள ஙொய்ங்னு சத்தம் நிக்காதவன்னு தேடினா எத்தனையோ பேரு இருக்காங்க, யாரும் வெளிய சொல்றதில்ல அவ்ளோதான்.

முதல்ல பேப்பர், பேச்செல்லாம் அப்புறம். எந்தத் தேதி, என்ன ட்ரெய்னிங், எந்த எம்ஓ (படை டாக்டர்) பார்த்தாரு, எக்ஸ்கியூஸ் (பயிற்சி விலக்கு) குடுத்தாங்களா, பெஸ் (உடல்தகுதி நிலை) மாத்தினாங்களா, எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போடுங்க. ஏன்னா சர்வீஸ்ல ஆன காயத்துக்கு கோர்ட்டுக்குப் போறது லேசு இல்ல, கவர்ன்மென்ட் புரொசீடிங்ஸ் ஆக்ட் 14வது பிரிவு குறுக்க நிக்கும், அதனால பெரும்பாலும் தற்காப்பு அமைச்சோட இழப்பீட்டு வழிதான், அங்க காயம் சர்வீஸ்ல ஆனதுன்னு காட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம் உங்க தொகுதி எம்பி ஜனங்க குறைய நேர்ல கேட்கிற மக்கள் சந்திப்பு. சாயங்காலம் வாய்டு டெக்குக்கு (ப்ளாக் கீழ்த்தளம்) போய் நம்பர் எடுத்து உக்காந்தா தொண்டூழியர் ஒருத்தர் லெட்டர் டைப் பண்ணுவாரு. நம்ம அம்மாக்கள் அங்க போய் "மகன் ரொம்ப கஷ்டப்படுறான் சார், பாத்து செய்யுங்க"ன்னு அழுதுட்டு வந்துடுவாங்க, அந்த லெட்டர வெச்சு அமைச்சுல ஒருத்தர் என்னதான் செய்ய முடியும்? இப்படி எழுதச் சொல்லுங்க: "ரூட் மார்ச்ல வலது முட்டி அடிபட்டது, எம்ஓ ரிப்போர்ட் இணைச்சிருக்கு, ஆபரேஷனுக்கு அப்புறம் பிசியோ செலவு சொந்தக் காசு, இத சர்வீஸ் காயமா மறுபடி பார்த்து செலவ ஏத்துக்கணும்." கேட்கிறது ஒண்ணே ஒண்ணு, ஆமா இல்லன்னு பதில் சொல்ற மாதிரி.

பையன்கிட்ட கேட்காம எதுவும் செய்யாதீங்க. மனசு சம்பந்தப்பட்ட விஷயம்னா இன்னும் கவனம், குடும்ப வாட்ஸ்அப்ல போட்டு பெரியம்மா சித்தப்பா எல்லாம் அட்வைஸ் பண்ண ஆரம்பிச்சா அவன் அதோட வாய மூடிக்குவான். கேம்ப் போட்டோ, ராணுவ நடவடிக்கை விவரம் எதையும் ஆன்லைன்ல ஏத்தாதீங்க, அதிகாரத்துவ ரகசியச் சட்டம் இருக்கு.

ஒரே மாதிரி கேஸ் நாலஞ்சு சேர்ந்துட்டா ஆட்டமே வேற, அப்ப எம்பிகிட்ட பாராளுமன்றத்துல கேள்வி கேட்கச் சொல்லுங்க, அமைச்சர் பதில் ஹன்சார்டுல (பாராளுமன்றப் பேச்சுப் பதிவு) ஏறிடும். தமிழ்லயே கேட்கலாம், நாலு அதிகாரத்துவ மொழியும் அங்க செல்லும். பட்ஜெட்டுக்கு அப்புறம் வர்ற அமைச்சுச் செலவின விவாதம்தான் நல்ல நேரம், அதனால வருஷக் கடைசிலயே போய் பாருங்க. கேட்டா கிடைக்காதுன்னு சொல்றவங்களுக்கு: 2013ல என்எஸ்ஸ வலுப்படுத்த ஒரு கமிட்டி போட்டு மக்கள்கிட்ட கருத்து கேட்டாங்க, 2014ல வந்த பரிந்துரைகள்ல பயிற்சி நேரத்துக்கான இன்சூரன்சும் ஒண்ணு.

எஸ்ஏஎஃப் (சிங்கப்பூர் ஆயுதப்படை) வெட்டரன்ஸ் லீக்லயும் ஒரு வார்த்தை பேசி வைங்க, மூத்தவங்க சேர்ந்து சொன்னா கொஞ்சம் எடை கூடும்.

"பரிசீலிக்கிறோம்"னு ஒரு வரி பதில் வந்தா அத பிரிண்ட் எடுத்து ஃபைல்ல சொருகிட்டு அடுத்த மாசம் அதே எம்பிகிட்ட மறுபடி நம்பர் எடுங்க.