எல்.கே.ஜி. சேரும் முன் வீட்டில் பழக்க வேண்டியவை

ஜூனில் எல்.கே.ஜி. சேரவிருக்கும் குழந்தைக்கு ஏப்ரலிலேயே நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுத்து, அ, ஆ எழுதவைக்கத் தொடங்கிவிடும் வீடுகள் மிகுதி. எழுத்தைப் பள்ளியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தெரியாத குழந்தை, மிஸ்ஸிடம் கேட்கவும் கூச்சப்பட்டு, மதியம் வரை தாகத்தோடு இருந்துவிடும். ஆகவே சாப்பாட்டிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் பயிற்சியைத் தொடங்குங்கள்.

பள்ளிக்குக் கொடுத்தனுப்பப் போகும் டப்பாவை முன்னதாகவே வாங்கி, காலை பத்தரை மணிக்கு அதில் இரண்டு இட்லித் துண்டுகளை வைத்துக் குழந்தையின் கையில் கொடுங்கள். கட்டைவிரல் மூடியில் வழுக்கும். டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மறுபடியும் நெம்பிப் பார்க்கும். அந்த நேரத்தில் நம் கை தானாக நீளும் என்றாலும், அழுகை வராத வரை பொறுத்திருக்க வேண்டும். திறப்பதோடு நிற்காமல், சிந்தியதைப் பொறுக்கி, டப்பாவை மூடிப் பையில் வைப்பது வரை பழக்குங்கள்.

'சூச்சூ' போன்ற வீட்டுச் சொல் பள்ளி ஆயாவுக்குப் புரியாமல் போகலாம் என்பதால், "மிஸ், பாத்ரூம் போகணும்" என்று உரக்கச் சொல்லப் பழக்குங்கள். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் மட்டுமே இருந்து, பள்ளியில் இந்திய முறைக் கழிப்பறை இருந்தால், உறவினர் வீட்டிலாவது குந்தி உட்காரும் பழக்கத்தை ஏற்படுத்துவது நல்லது. பட்டன் வைத்த கால்சட்டையைவிட எலாஸ்டிக் வைத்ததே குழந்தைக்கு எளிது.

மணிக்கட்டிலுள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருந்து, பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாக இறுகுகின்றன. மூன்றரை வயதில் அந்த வேலை பாதிகூட முடிந்திருக்காது. அந்தக் கையைப் பென்சிலால் வருத்துவதற்குப் பதிலாக, பட்டாணி உரிக்கவும், சப்பாத்தி மாவை உருட்டவும், காயும் துணிக்குக் கிளிப் மாட்டவும் விடுங்கள். விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதவைக்கிறோமே, அதைவிடப் பொருத்தமான முதல் பலகை இந்த வயதுக்கு இல்லை என்பேன். கோடை முழுவதும் அதையே தொடரலாம். பல்லாங்குழியில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போடும்போது எண்ணிக்கையும் கூடவே வந்துவிடும். கொட்டை வாய்க்குப் போகாமல் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மே மாதத்திலிருந்தே படுக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னதாக்கி வந்தால், பள்ளி திறக்கும் நாளில் தூக்கத்திலிருந்து பிடுங்கி எழுப்ப வேண்டியிருக்காது.

பிரிவைப் பழக்குவதுதான் பெற்றோருக்குக் கடினமானது. பாட்டியிடமோ அத்தையிடமோ முதலில் அரை மணி நேரமும், பிறகு இரண்டு மணி நேரமும் விட்டுச் செல்லுங்கள். குழந்தை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது நழுவிச் சென்றால், அடுத்த முறை அது புடவைத் தலைப்பை விடாது. "அம்மா கடைக்குப் போறேன், நீ சாப்பிட்டு முடிச்சதும் வந்துடுவேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டு, அப்படியே வந்துவிடுங்கள். பள்ளி தொடங்கிய முதல் வாரத்தில், மணியடிக்கும் முன்பே, குழந்தையின் கண்ணில் படும் இடமாகப் பார்த்து வாசலில் நில்லுங்கள்.